அப்பாவோட 25,000 பெருசா, உங்க 60,000 பெருசா? கைலாசபுரம் சொல்லித்தர்ற ஒரு சம்பளக் கணக்கு



"எங்கப்பா 25,000 சம்பளத்துல அக்காவையும் என்னையும் படிக்க வச்சாரு, அக்காவுக்குக் கல்யாணமும் பண்ணி வச்சாரு. நான் 60,000 கிட்ட வாங்குறேன். 20ஆம் தேதி ஆனா அக்கவுன்ட் காலி. நான் எங்க சார் தப்பு பண்றேன்?"

25 வயசுல இருந்து 32 வயசுக்குள்ள இருக்கிற யார்கிட்ட உட்கார்ந்து பணத்தைப் பத்திப் பேசினாலும், பத்து நிமிஷத்துல இந்தக் கேள்வி வந்துடுது. கேட்கும்போது குரல்ல கொஞ்சம் வெட்கமும் இருக்கும். ஸ்விக்கி, நெட்ஃபிளிக்ஸ், வீக்எண்ட் சினிமா என்று அவங்களே ஒரு குற்றப்பட்டியலையும் கையில வச்சிருப்பாங்க.

அந்தப் பட்டியலை அப்புறம் பார்ப்போம். முதல்ல அந்த ஒப்பீடு சரியான்னு பார்க்கணும். ரெண்டு கம்பெனியோட பேலன்ஸ் ஷீட்டை ஒப்பிடும்போது, ஒரு ஆடிட்டர் முதல்ல கேட்கிற கேள்வி "ரெண்டும் ஒரே முறையில போட்ட கணக்கா?" என்பதுதான். அப்பா சம்பளமும் உங்க சம்பளமும் ஒரே முறையில போட்ட கணக்கு இல்ல. இதைப் புரிய வைக்க எனக்குத் தெரிஞ்ச நல்ல உதாரணம், நான் வளர்ந்த ஊர்தான்.

சம்பளச் சீட்டுல வராத சம்பளம்

திருச்சியில இருந்து தஞ்சாவூர் ரோட்டுல போனா திருவெறும்பூர் வரும். அங்கதான் பெல் நிறுவனத்தோட உயர் அழுத்த கொதிகலன் ஆலை இருக்கு. 1960களில், அப்போதைய செக்கோஸ்லோவாக்கியாவின் தொழில்நுட்ப உதவியோட வந்தது. திருச்சிக்காரங்களுக்கு அது "பாய்லர் பிளான்ட்". அங்க வேலை பார்க்கிறவங்களுக்காகக் கட்டின டவுன்ஷிப்தான் கைலாசபுரம்.

அந்த டவுன்ஷிப்புக்குள்ள வளர்ந்த பிள்ளைகளுக்குச் சில விஷயங்கள் காத்து மாதிரி. இருக்கிறது தெரியாது. செக்டர் செக்டரா குவார்ட்டர்ஸ். நடந்து போற தூரத்துல பள்ளிக்கூடம். காய்ச்சல்னா டவுன்ஷிப் ஆஸ்பத்திரி. விளையாட மைதானம். அப்பா வேலைக்கு சைக்கிள்ல போயிடுவார். வீட்டு ஓனர் வாடகை ஏத்திட்டார் என்கிற பேச்சை நான் முதன்முதலா கேட்டது, படிப்பு முடிஞ்சு வெளியூர்ல ரூம் எடுத்தப்போதான்.

இது எல்லாத்துக்கும் ஒரு விலை இருக்கு. ஆனா அந்த விலை அப்பாவோட சம்பளச் சீட்டுல ஒரு பெரிய எண்ணா எங்கேயும் வரல. குவார்ட்டர்ஸுக்கு ஒரு சின்ன லைசென்ஸ் கட்டணம் பிடிப்பாங்க, அவ்வளவுதான்.

எவ்வளவு மறைஞ்சிருக்குன்னு பார்க்க வருமான வரி விதியையே எடுத்துக்கலாம். கம்பெனி தனக்குச் சொந்தமான வீட்டை ஊழியருக்குக் கொடுத்தா, அதுவும் சம்பளத்தோட ஒரு பகுதின்னு வரிச் சட்டம் மதிப்புப் போடும். 2023 செப்டம்பர்ல இருந்து வந்த விதிப்படி, 40 லட்சத்துக்கு மேல மக்கள்தொகை உள்ள நகரத்துல சம்பளத்துல 10%, 15 லட்சத்துக்கு மேல 40 லட்சம் வரைன்னா 7.5%, மற்ற இடங்கள்ல 5%. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்புதான் இதுக்கு அளவு. அப்படிப் பார்த்தா திருச்சி 5% வரிசையில வருது. இந்தக் கணக்குக்கான சம்பளம் மாசம் 80,000 என்றால், அந்த வீட்டோட மதிப்பு வரிக்காக வெறும் 4,000 ரூபாய். அதுலயும் ஊழியர் கட்டின கட்டணத்தைக் கழிச்சுக்கலாம்.

4,000 ரூபாய்க்கு சுத்தி மரம் இருக்கிற ஒரு குடும்ப வீட்டைத் தேடிப் பாருங்க. சட்டம் போடுற மதிப்புக்கும் நீங்க வெளியில கொடுக்கிற வாடகைக்கும் நடுவுல இருக்கிற அந்த இடைவெளிதான், அப்பா வாங்கியும் சீட்டுல தெரியாத சம்பளம். வீட்டுக்கு மட்டும் இவ்வளவு. ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், ஆபீஸ் போற செலவு எல்லாம் தனி.

உங்க சீட்டுல வர்றது, கைக்கு வராதது

இப்ப உங்க பக்கம் வாங்க. உங்களுக்கு நேர் எதிர். அப்பா சீட்டுல இல்லாதது எல்லாம் அவருக்குக் கிடைச்சது. உங்க ஆஃபர் லெட்டர்ல இருக்கிறது எல்லாம் உங்க கைக்கு வர்றதில்ல.

உதாரணத்துக்கு வருஷம் 9 லட்சம் சிடிசி. பன்னிரண்டால வகுத்தா மாசம் 75,000. சொந்தக்காரங்ககிட்ட அம்மா சொல்றதும் இந்த எண்ணைத்தான். உள்ள பிரிச்சுப் பார்ப்போம்:

- பேசிக் 50% என்று வைங்க: வருஷம் 4,50,000.
- கம்பெனி கட்டுற பிஎஃப், பேசிக்ல 12%: 54,000.
- கிராஜுவிட்டி, பேசிக்ல 4.81%: 21,645.
- குரூப் இன்ஷூரன்ஸ் பிரீமியம்: 12,000 என்று வைப்போம்.
- வேரியபிள் பே, 10%: 90,000.

இதெல்லாம் கழிஞ்சா மீதி 7,22,355. மாசத்துக்கு சுமார் 60,200. அதுல உங்க பங்கு பிஎஃப் 4,500 போகும். கைக்கு வர்றது சுமார் 55,700. புது வரி முறையில இந்த அளவுக்கு வருமான வரி வராது. தொழில் வரி கொஞ்சம் போகும்.

75,000 எங்கே, 55,700 எங்கே. இதுல பிஎஃப் உங்க பணம்தான், பின்னாடி வரும். ஆனா கிராஜுவிட்டிக்கு நிரந்தர ஊழியரா இருந்தா பொதுவா அஞ்சு வருஷம் ஒரே கம்பெனியில இருக்கணும். ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை கம்பெனி மாத்துறவருக்கு, அந்த 21,645 ஆஃபர் லெட்டர்ல மட்டும் இருக்கிற பணம்.

இப்போ 55,700-ல இருந்து, கைலாசபுரத்துல காத்து மாதிரி கிடைச்சதை எல்லாம் காசு கொடுத்து வாங்குங்க. சென்னையில இருக்கிற ஒருத்தருக்கு உதாரண எண்கள்: வாடகையும் மெயின்டனன்ஸும் 16,000. உங்களுக்கும் அப்பா அம்மாவுக்கும் ஹெல்த் இன்ஷூரன்ஸ், மாசக் கணக்குல 4,500. டெர்ம் இன்ஷூரன்ஸ் 1,000. ஆபீஸ் போய்வர 3,500. மொத்தம் 25,000.

மிச்சம் 30,700. அப்பாவோட 25,000 கூட ஒப்பிட வேண்டிய எண் இதுதான்.

இன்னும் ஒரு திருத்தம் பாக்கி. அப்பா அந்த 25,000-ஐ வாங்கினது 2005 வாக்கில என்று வைப்போம். வருஷத்துக்கு 6% விலைவாசி ஏறினா, 20 வருஷத்துல 3.2 மடங்கு. அதாவது அன்னைக்கு 25,000 என்றால் இன்னைக்கு சுமார் 80,000. அதுவும் அவர் 50 வயசுல, 25 வருஷ சர்வீஸ்ல வாங்கினது. உங்களுக்கு 27 வயசு.

ஆக, "அப்பா 25,000-ல குடும்பம் நடத்தினார், என்னால 60,000-ல முடியல" என்கிற வாக்கியத்தை ஆடிட் பண்ணினா இப்படி வருது: அப்பா இன்னைய மதிப்புக்கு 80,000 ரூபாயோட, வீடும் ஆஸ்பத்திரியும் தனியா இருக்க, குடும்பம் நடத்தினார். நீங்க 30,700-ல நடத்துறீங்க. உங்க வெட்கத்துக்கு இங்க வேலை இல்ல. அப்பாவோட சிக்கனத்தைக் குறைச்சும் சொல்லல. அவருக்குத் தாங்கிப் பிடிக்க ஒரு தளம் இருந்தது. உங்களுக்கு அந்தத் தளத்தையும் நீங்களே போட வேண்டியிருக்கு.

ஒரே பாட்டுல பணக்காரர்

நம்ம தலைமுறைக்குப் பணத்தைப் பத்தி முதல்ல பாடம் எடுத்தது தமிழ் சினிமாதான். 1992-ல 'அண்ணாமலை', 1997-ல 'சூர்யவம்சம்'. ஒரு பாட்டு தொடங்கும்போது ஹீரோ சாதாரண ஆள். பாட்டு முடியும்போது பெரிய முதலாளி. 'சூர்யவம்சம்' மீம் இன்னைக்கும் ஓடுது. கிண்டல் பண்ணிக்கிட்டே நாமளும் அந்தப் பாட்டுக்காகத்தான் காத்திருக்கோமோன்னு எனக்கு ஒரு சந்தேகம். ஆப்ஷன்ஸ் டிரேடிங் கிளாஸ் விளம்பரங்கள் எல்லாம் அந்தப் பாட்டோட புது வெர்ஷன்தானே?

2025 ஜனவரியில 'குடும்பஸ்தன்' வந்தது. மணிகண்டன் நடிச்ச அந்தப் பையனுக்கு வேலை போகுது. வீட்ல சொல்ல மாட்டான். மறைக்கிறதுக்குக் கடன், அந்தக் கடனை அடைக்க இன்னொரு கடன். தியேட்டர்ல எல்லாரும் சிரிச்சாங்க. ஆனா அந்தச் சிரிப்புல ஒரு "ஐயோ, நம்ம கதை" இருந்தது. முதலாளி ஆகிற பாட்டுக்குக் கைதட்டின ஊர், மாசக் கடைசியைத் தாண்டுற காமெடிக்கு வந்து சேர்ந்திருக்கு.

அந்தப் படத்துல என்னை யோசிக்க வச்சது கடனைவிட அந்த மறைக்கிற விஷயம். டவுன்ஷிப்ல மறைக்க முடியாது. பக்கத்து வீட்டு மாமாவோட கிரேடும் சர்வீஸும் தெரிஞ்சா சம்பளம் தெரிஞ்சிடும். எந்த டைப் குவார்ட்டர்ஸ்ல இருக்காங்கன்னு பார்த்தாலே பாதி கணக்கு முடிஞ்சிடும். அதுல எரிச்சலும் இருந்தது, பொறாமையும் இருந்தது. ஆனா ஒப்பிடுறது கிட்டத்தட்ட உங்க சம்பளமே வாங்குற ஆள்கூட. அவங்க வீட்டுக்கு ஃப்ரிட்ஜ் வந்தா, போனஸ் வந்திருக்கும், இல்லேன்னா சொசைட்டி லோன் போட்டிருப்பாங்க என்பது ஊருக்கே தெரியும்.

இன்ஸ்டாகிராம்ல கார் தெரியும், பாலி ட்ரிப் தெரியும், சம்பளச் சீட்டு தெரியாது. அது யாரோட பணம், எத்தனை மாச இஎம்ஐ, அப்பா கொடுத்ததா என்கிற எந்தத் தகவலும் இல்லாம நம்ம வாழ்க்கையை அதோட ஒப்பிடுறோம். வருமானம் தெரியாம செலவை மட்டும் பார்த்து எந்த ஆடிட்டரும் ஒரு முடிவுக்கு வர மாட்டார். நீங்களும் வராதீங்க.

ஷூரிட்டி கையெழுத்தும் ஓடிபி-யும்

தொழில்நுட்பம் நம்ம செலவுல என்ன மாத்திச்சு? யுபிஐ 2016 ஏப்ரல்ல வந்தது, யுபிஐ ஆட்டோபே 2020 ஜூலையில. இதனால ஆடம்பரம் கூடிடுச்சுன்னு பொத்தாம்பொதுவா சொல்றதுல எனக்கு உடன்பாடு இல்ல. மாறினது வேற: செலவுக்கு நடுவுல இருந்த தடைகள் காணாம போச்சு.

கூட்டுறவு கடன் சங்கத்துல, அதாவது சொசைட்டியில, லோன் போடணும்னா ஷூரிட்டி கையெழுத்து வேணும். கூட வேலை பார்க்கிற ஒருத்தர்கிட்ட போய் நிக்கணும். அவர் கேட்பார்: "எதுக்குப்பா இவ்வளவு? போன வருஷம் வாங்கினது முடிஞ்சிடுச்சா?" அந்தக் கேள்வி சங்கடம்தான். ஆனா அந்தச் சங்கடத்துக்குப் பயந்தே எத்தனையோ தேவையில்லாத லோன்கள் போடாம நின்னிருக்கு. இன்னைக்கு ஆப்ல லோன் வாங்க ஓடிபி போதும். ஓடிபி "எதுக்குப்பா?"ன்னு கேட்காது.

'நோ காஸ்ட் இஎம்ஐ' என்கிற பேருக்கும் ஏமாறாதீங்க. வட்டியே இல்லாத கடன்னு ஒண்ணு கிடையாது என்று ரிசர்வ் வங்கி 2013-லயே வங்கிகளுக்குச் சொல்லிடுச்சு. நடக்கிறது இதுதான்: வங்கி வட்டி போடும். அந்த அளவுக்குக் கடையோ கம்பெனியோ விலையில தள்ளுபடி கொடுக்கும். வட்டிக்கு மேல 18% ஜிஎஸ்டி உங்க தலையில. 60,000 ரூபாய் ஃபோனுக்கு வட்டி 3,600 வந்தா, ஜிஎஸ்டி 648. பிராசஸிங் ஃபீஸ் 199 என்றால், அதுக்கும் ஜிஎஸ்டி சேர்த்து 235. ஆக 883 ரூபாய். முழுப் பணம் கட்டினா ஒரு தள்ளுபடி இருந்திருந்தா, அதுவும் போச்சு.

883 ரூபாய்ல யாரும் மூழ்க மாட்டாங்க. ஃபோன், லேப்டாப், ஃபிரண்டு கல்யாணத்துக்குப் போன ஃபிளைட் டிக்கெட் என்று மூணு நாலு இஎம்ஐ ஒண்ணா ஓடும்போதுதான் ஆபத்து. ஒவ்வொண்ணும் சின்னது. மொத்தமா பார்த்தா அடுத்த ஆறு மாசச் சம்பளத்துல ஒரு பகுதியை ஏற்கெனவே செலவு பண்ணியாச்சு.

ஓடிடி விஷயத்துக்கு வர்றேன். மாசம் 1,000, 1,500 போகுதுன்னா வருஷத்துக்கு 12,000-ல இருந்து 18,000. பார்க்காததை நிறுத்துங்க, பார்க்கிறதை வச்சுக்கோங்க. சந்தா தானா பணம் எடுக்கிறதுக்கு 24 மணி நேரம் முன்னாடி உங்களுக்குத் தகவல் வரணும், 15,000-க்கு மேல பொதுவா உங்க ஒப்புதல் மறுபடியும் வேணும் என்பது ரிசர்வ் வங்கி விதி. அந்த மெசேஜைப் படிக்கிற பழக்கம் போதும். யுபிஐ ஆப்ல ஆட்டோபே பகுதியில எல்லா மேண்டேட்டும் வரிசையா இருக்கும், அங்கயே நிறுத்தலாம். நெட்ஃபிளிக்ஸை நிறுத்தி யாரும் வீடு வாங்கினதில்ல. அந்தக் குற்றவுணர்ச்சியை இறக்கி வச்சுட்டு, பெரிய ஓட்டையை அடைக்க நேரம் ஒதுக்குங்க.

அந்தப் பெரிய ஓட்டை எது?

கைலாசபுரத்தை நான் சொர்க்கமா காட்டல. அதே தஞ்சாவூர் ரோட்டுல, துவாக்குடி சிட்கோ பக்கம் நிறைய ஃபேப்ரிகேஷன் யூனிட்கள் இருக்கு. பாய்லர் பிளான்ட் ஆர்டரை நம்பி ஓடினவை. அங்க வெல்டிங் பண்ணினவருக்கும் அதே சூடு, அதே புகை. ஆனா குவார்ட்டர்ஸ் கிடையாது, டவுன்ஷிப் ஆஸ்பத்திரி கிடையாது. ஆர்டர் குறைஞ்சா வேலையும் குறைஞ்சிடும். நம்மில் பெரும்பாலானவங்க அந்த வெல்டரோட நிலைமையிலதான் இருக்கோம், ஏசி ரூம்ல. பக்கத்து நவல்பட்டு எல்காட் ஐடி பார்க்ல இருந்தாலும் சரி, சென்னை ஓஎம்ஆர்ல இருந்தாலும் சரி.

டவுன்ஷிப்புக்குள்ள இருந்தவங்களுக்கும் ஒரு கெடு உண்டு. ரிட்டயர் ஆனா குவார்ட்டர்ஸைக் காலி பண்ணணும். 30 வருஷம் குடியிருந்த வீடு ஒரு தேதியோட முடிஞ்சிடும். இதை முன்னாடியே யோசிச்சவங்க காட்டூர், திருவெறும்பூர் பக்கம் மெதுவா ஒரு மனை வாங்கிப் போட்டாங்க. "அப்போ பார்த்துக்கலாம்"னு விட்டவங்க, 60 வயசுல பிஎஃப் பணத்தை மொத்தமா எடுத்து அவசரமா வீடு தேடினாங்க. கம்பெனி கொடுக்கிற எதுவும் வேலையோட சேர்ந்து வந்து, வேலையோட சேர்ந்து போயிடும். அவங்களுக்கு அந்த நாள் 60 வயசுல, நல்லா முன்கூட்டியே தெரிஞ்ச தேதியில வந்தது. நமக்கு ஒவ்வொரு கம்பெனி மாறும்போதும் வருது. சில சமயம் ஒரு காலண்டர் இன்வைட்ல, பதினைந்து நிமிஷ மீட்டிங்ல வருது.

என்கிட்ட வந்த ஒருத்தரோட விஷயம் சொல்றேன். ஆள் யாருன்னு தெரியாம இருக்க சில விவரங்களை மாத்தியிருக்கேன். 29 வயசு, சென்னையில வேலை. பழைய கம்பெனியில ஒரு வெள்ளிக்கிழமை கடைசி நாள். புது கம்பெனியில ஒண்ணாம் தேதி ஜாயினிங். நடுவுல 17 நாள், ஊருக்கு வந்து ரெஸ்ட் எடுக்கலாம்னு பிளான். அந்த வாரத்துல அப்பாவுக்கு நெஞ்சுவலி. அப்பா ஒரு சின்ன ஃபேப்ரிகேஷன் யூனிட்ல வேலை பார்த்து ஓய்ந்தவர். அவருக்கு இருந்த ஒரே பாதுகாப்பு, மகனோட கம்பெனி குரூப் பாலிசி. அது கடைசி வேலை நாளோட முடிஞ்சுபோச்சு. பில் 3,80,000. பர்சனல் லோன்.

"சம்பளம் 30% கூடுதுன்னு சந்தோஷப்பட்டேன் அண்ணா. நடுவுல ரெண்டு வாரம் அப்பாவுக்கு எதுவுமே இல்லைங்கிறது எனக்குத் தோணவே இல்ல"ன்னார். அவர்மேல குறை சொல்ல என்ன இருக்கு? ஆஃபர் லெட்டர்ல சிடிசி கொட்டை எழுத்துல இருந்தது. பாதுகாப்பு முடியிற தேதி எங்கேயும் இல்ல.

உங்க சொந்த டவுன்ஷிப்பை எப்படிக் கட்டுறது?

ஒரே நாள்ல கட்ட முடியாது. கட்ட வேண்டிய வரிசையைச் சொல்றேன்.

1. முதல்ல ஆஸ்பத்திரி. கம்பெனி பாலிசி இருந்தாலும் உங்க பேர்ல தனியா ஒரு ஹெல்த் பாலிசி. அப்பா அம்மாவுக்குத் தனி பாலிசி, உடம்பு நல்லா இருக்கும்போதே. சர்க்கரை, பிரஷர் இருந்தா மறைக்காம எழுதுங்க. ஏற்கெனவே இருக்கிற நோய்களுக்குக் காத்திருப்புக் காலம் அதிகபட்சம் 3 வருஷம் என்று 2024-ல விதி வந்திருக்கு. இன்னைக்கு எடுத்தா அந்தக் கடிகாரம் இன்னைக்கே ஓட ஆரம்பிக்கும். 2025 செப்டம்பர் 22-ல இருந்து தனிநபர் ஹெல்த் பிரீமியத்துக்கு ஜிஎஸ்டி கிடையாது என்பது கூடுதல் வசதி. வேலையை விடுறதா இருந்தா, குரூப் பாலிசியை அதே இன்ஷூரன்ஸ் நிறுவனத்துல தனி பாலிசியா மாத்திக்க முடியுமான்னு கடைசி நாளுக்கு முன்னாடியே ஹெச்ஆர்கிட்ட எழுதிக் கேளுங்க.

2. அடுத்து, ஆறு மாசச் செலவு. டவுன்ஷிப்காரங்களுக்கு வேலை போற பயம் குறைவு. நமக்கு அந்த நிச்சயத்தோட விலைதான் எமர்ஜென்சி ஃபண்ட். வாடகை, சாப்பாடு, இஎம்ஐ, பிரீமியம் எல்லாம் சேர்த்து ஆறு மாசத்துக்கு. ஆறு பெருசா தெரிஞ்சா, முதல்ல ஒரு மாசத்துல ஆரம்பிங்க. வங்கியில எஃப்டி-யா இருந்தா போதும். இந்தப் பணத்தோட வேலை வளர்றது இல்ல, கூப்பிட்ட உடனே வர்றது.

3. பிஎஃப்பை உடைக்காதீங்க. கம்பெனி மாறும்போது "ஒரு லட்சம்தானே இருக்கு, எடுத்துடலாம்"னு தோணும். டிரான்ஸ்ஃபர் பண்ணினா பழைய சர்வீஸும் சேரும். தொடர்ச்சியா 5 வருஷம் ஆகறதுக்கு முன்னாடி கணக்கை முடிச்சு எடுத்தா பொதுவா வரி உண்டு. பென்ஷனைப் பத்தியும் ஒரு தெளிவு வேணும். இபிஎஸ்-ல கணக்குக்கு எடுக்கிற சம்பள உச்சவரம்பு 15,000. 35 வருஷ சர்வீஸுக்கு ஃபார்முலா: 15,000 பெருக்கல் 35 வகுத்தல் 70. அதாவது மாசம் 7,500 வாக்கில. அதுலயும் 2014 செப்டம்பருக்கு அப்புறம் முதன்முதலா வேலைக்குச் சேர்ந்து, அப்பவே பேசிக் 15,000-க்கு மேல இருந்தா, இபிஎஸ்-லயே சேர முடியாது. நம்ம ஓய்வுக்காலம் பெரும்பாலும் நம்ம கையில.

4. வீடு அவசரமில்ல, வீட்டுக்கான தேதி அவசரம். 28 வயசுல சென்னையில ஃபிளாட் வாங்கணும்னு கட்டாயம் இல்ல. வாடகை வீட்ல இருக்கிறது தோல்வியும் இல்ல. ஆனா குவார்ட்டர்ஸ்காரங்க மாதிரி, "எந்த வயசுக்கு அப்புறம் வாடகை கட்ட வருமானம் இருக்காது?" என்கிற கேள்வியை இப்பவே கேளுங்க. அந்தத் தேதிக்காக மாசம் ஒரு தொகை, சின்னதா இருந்தாலும், தனியா போகட்டும்.

5. சங்கு வையுங்க. ஆலைச் சங்கு ஊதினா யோசிக்காம கிளம்புவாங்க இல்லையா, அதுமாதிரி சம்பளம் வந்த மறுநாள் எஸ்ஐபி, ஆர்டி, பிரீமியம் எல்லாம் தானா போகட்டும். ஆட்டோபே ஓடிடி-க்கு மட்டும் வந்த தொழில்நுட்பம் இல்ல.

6. ஷூரிட்டியைத் திரும்பக் கொண்டு வாங்க. நம்பிக்கையான ஒருத்தரை நீங்களே வச்சுக்கோங்க. மனைவி, கணவர், அக்கா, ரூம்மேட் யாரா இருந்தாலும் சரி. 10,000 ரூபாய்க்கு மேல எந்த இஎம்ஐ போட்டாலும் அவங்ககிட்ட சொல்லிட்டு ரெண்டு நாள் காத்திருந்துதான் போடணும். அவங்க அனுமதி கொடுக்கணும்னு இல்ல. "எதுக்குப்பா?"ன்னு கேட்டா போதும். பதில் சொல்லும்போதே பாதி உங்களுக்குத் தெரிஞ்சிடும்.

7. ஆஃபர் வந்தா ரெண்டு கேள்வி. "சிடிசி எவ்வளவு?"க்கு அப்புறம், "கைக்கு எவ்வளவு?", "என் அப்பா அம்மாவுக்கு எந்தத் தேதியில இருந்து எந்தத் தேதி வரைக்கும் கவர்?" இந்த ரெண்டாவது கேள்வியைக் கேட்க யாரும் சொல்லித்தர்றதில்ல. ஹெச்ஆர் இதைத் தப்பா எடுத்துக்க மாட்டாங்க.

இந்த ஞாயித்துக்கிழமை ஒரு வேலை

ஊருக்கு ஃபோன் பண்ணுங்க. அப்பாகிட்ட, இல்ல அம்மாகிட்ட, ரெண்டு கேள்வி கேளுங்க. "என் வயசுல உங்களுக்குச் சம்பளம் தவிர வேற என்னெல்லாம் கிடைச்சது?" ஒண்ணு. "இப்ப ஆஸ்பத்திரிச் செலவு வந்தா எதுல இருந்து வரும்?" ரெண்டு.

முதல் கேள்விக்கு நிறைய கதை வரும். ரேஷன் கடை, பாட்டி வீட்டு நெல், ஆபீஸ் குவார்ட்டர்ஸ், பக்கத்து வீட்டு மாமி பார்த்துக்கிட்ட குழந்தை என்று டவுன்ஷிப் இல்லாத வீட்லயும் ஏதோ ஒரு டவுன்ஷிப் இருந்திருக்கும். அதையெல்லாம் ஒரு பேப்பர்ல எழுதி, பக்கத்துல இன்னைக்கு அதுக்கு நீங்க கொடுக்கிற விலையைப் போடுங்க. "நான் எங்க தப்பு பண்றேன்?" என்கிற கேள்வி பாதி அங்கயே கரைஞ்சிடும்.

ரெண்டாவது கேள்விக்குப் பெரும்பாலும் ஒரு சின்ன அமைதி வரும். அப்புறம் "அதெல்லாம் ஒண்ணும் வராதுப்பா, நீ உன் வேலையைப் பாரு"ன்னு பதில் வரும். அந்தப் பதில் வந்தா, திங்கக்கிழமை காலையில மேல சொன்ன முதல் வேலையை ஆரம்பிச்சிடுங்க.